சேகர் வாசிக்காமல் விட்ட வரிகள்

சேகர் போய்விட்டார் என்று காய்கறிக்காரி மராத்தியில் சொன்னபோது நான் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நம் விஷ்ராந்த்வாடி தமிழ் மன்றத்தின் கம்ப்யூட்டரைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். தங்கமான மனிதர் என்று மன்றத்தார் நீங்கள் எல்லோரும் இரங்கல் எழுதுவீர்கள். மன்றத்தைக் கூட்டிப் பெருக்கிய நானும் எழுதுகிறேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பட்டுத்துணியால் சுற்றி, காற்று போகும் ஓட்டைகள் மேல் சந்தனம் அப்பி, மாலையும் போட்டவர் அவர்தான். விஜயதசமி காலையில் அதை எதையும் எடுக்காமல் நல்ல நேரம் பார்த்து இயக்கினார். செயலாளர் விழா மலருக்குத் தட்டிக்கொண்டிருந்தபோது பெட்டி பட்டென்று அணைந்தது. அத்தனை பக்கமும் போயிற்று. பக்கத்தில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ப்ளக்கப் புடுங்கினது நீதானே? சச் போலோ, நெசத்தச் சொல்லு" என்றார் செயலாளர்.

இல்லை என்றேன். பெட்டியை மறுபடி இயக்கி, அது தானே எழுதிவைக்கும் குறிப்பை சேகர் திரையில் கொண்டுவந்தார். கடைசி வரியை மட்டும் வாசித்தார்: முறையாக மூடாமல் நின்றுவிட்டது. அன்றோடு என் வேலை போனது. உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. யார் யார் அங்கே நின்றீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து கசார்வாடியில் என் வீட்டுக்கு, அந்தக் குறிப்பை அச்சடித்த காகிதத்தோடு சேகர் வந்தார். தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

"கடைசி வரி நின்னுபோச்சுன்னுதான்கா சொல்லும். ஏன் நின்னுச்சுன்னு அதுக்கு மேல பாக்கணும்" என்றார்.

மேலே இருந்ததெல்லாம் சூடு, சூடு என்றுதான்.

"அன்னிக்கே இதப் படிச்சியா?"

"படிச்சேன்கா."

"அப்ப கூட்டத்துல சொல்லு."

"துணி சுத்தினது நாந்தானே. சிரிப்பாங்க."

அவர் சிரிப்புக்குப் பயந்தார். நான் ஆறு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். தான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். காட்டவில்லை. என் வாக்கு சுத்தமானது.

மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழில் எழுதித் தந்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கையெழுத்துதான். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் அதை முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். உட்காரட்டும்.