பெலிசித்தே தேதி குறித்தால்

தலைநகர் வாகடூகுவில் எப்போது ஆட்சி கவிழும் என்று தெரிந்துகொள்ள ரேடியோவெல்லாம் வேண்டாம், தையற்காரி பெலிசித்தே தோயே கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டாளா என்று கேட்டால் போதும் என்பார்கள் அவள் தெருவில். அது வெறும் வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. நாட்டின் முதல் ஜனாதிபதி நாற்காலியை விட்டு இறங்கிய வருஷம்தான் அவள் பள்ளிக்கூடம் ஏறினாள். தையல் பழகப் போன வருஷம் பட்டாளம் பாராளுமன்றத்தைப் பூட்டியது. 1980 நவம்பரில் மெக்கானிக் எதுவார் பாரேவோடு கல்யாணம் என்று நிச்சயித்து, தன் கவுனைத் தானே தைத்து மாட்டி வைத்தாள். அந்த வாரமே கவிழ்ப்பு, ஊரடங்கு. 1982 நவம்பரில் அதே கவுனை இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கவிழ்ப்பு. பாவம், அவள் ஒரு ஈயைக்கூடக் கவிழ்த்ததில்லை.

எதுவாரின் அம்மா பிலொமேனுக்குப் பொறுமை போய்விட்டது. "மூணாவது தடவையும் ரேடியோவுல அந்தப் பட்டாளப் பாட்டு வந்துச்சுன்னா என் புள்ளைக்கு வேற பொண்ணுதான். இவ தேதி வச்சா நாடே குப்புற விழுது!"

மூன்றாவது தேதி 1983 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வெள்ளி காலை பெலிசித்தேவின் அப்பா ரேடியோவைத் திருகினார். ட்ரம்பெட்டோடு அதே பட்டாளப் பாட்டு முழங்கியது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

"அடுத்த வருஷமும் எவனாவது துப்பாக்கியத் தூக்கிட்டு வருவான்பா. நான் நாளைக்கே போறேன்."

போனாள். கவுனோடு மொபெட்டில் ஏறி, பின்னால் அப்பாவை உட்காரவைத்து, வாலாக நீண்ட துணியைச் சுருட்டி அவர் மடியில் திணித்துக்கொண்டு பறந்தாள். தேவாலயத்துக்கு முந்தின திருப்பத்தில் தடுப்பு. ஜீப்பிலிருந்து சார்ஜெண்ட் இறங்கினார்.

"கூட்டம் கூடக் கூடாதுன்னு உத்தரவு. திரும்பிப் போ."

அவர் கன்னத்தில் மோஸி இனத்தாரின் கீறல் தழும்புகள். அதைப் பார்த்ததும் பெலிசித்தேவுக்குக் குஷி பிடித்துவிட்டது.

"அடேய் மோஸி அடிமை! உங்க பாட்டனை எங்க பாட்டன் ஒரு கூடை வேர்க்கடலைக்கு வாங்கினாரு, மறந்துட்டியா? எஜமானி கல்யாணத்துக்குப் போறேன். துப்பாக்கியக் கீழ வச்சிட்டுப் போய்ச் சட்டி கழுவுடா!"

அப்பா மடியிலிருந்த துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிப்பாய்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் சார்ஜெண்டின் உதட்டோரம் துடித்தது. மோஸிக்கும் பெலிசித்தேவின் ஸாமோ இனத்துக்கும் பாட்டன் காலத்துக் கேலி முறை. யார் எஜமான், யார் அடிமை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, கோபப்பட்டவன்தான் தோற்றவன். கல்யாணத்திலும் இழவிலும் அந்த உரிமையை எந்த அரசாங்கமும் தடுத்ததில்லை.

"நாய்த்தலை தின்கிற ஸாமோ கழுதை!" என்று சார்ஜெண்ட் வெடித்துச் சிரித்தார். "கல்யாணப் பொண்ணு மோஸி கையில சிக்கினா என்ன ஆகும்னு தெரியும்ல? சிறை எடுத்தாச்சு, ஜீப்புல ஏறு! மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து கெஞ்சட்டும்!"

ஜீப் தேவாலய வாசலில் போய் நின்றது. பின்னாலேயே அப்பா மொபெட்டில் தள்ளாடி வந்தார். உத்தரவை மீறிச் சந்துகளில் புகுந்து வந்திருந்த உறவினர் நடுவிலிருந்து எதுவார் சந்தோஷத்தில் ஓடி வந்தான். அதற்குள், மகனை வீட்டுக்கு இழுத்துப் போக வந்திருந்த பிலொமேன் குறுக்கே பாய்ந்தாள்.

"நான் சொல்லல? பட்டாளத்தையே கூட்டிட்டு வந்துட்டா! இந்தக் கல்யாணமே வேண்டாம்!"

பெலிசித்தேவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. எதுவார் அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினான், உதறிவிட்டாள்.

சார்ஜெண்ட் எல்லாவற்றையும் பார்த்தார். "வேண்டாமா? ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல மாவு இடிக்க ஆளே இல்ல. நானே கூட்டிட்டுப் போறேன்." ஜீப் உறுமியது, நகரவும் ஆரம்பித்தது.

பிலொமேனும் ஸாமோதான். ஒரு ஸாமோ பெண் மோஸி வீட்டில் மாவு இடிப்பதா! பிலொமேனின் தலைத்துணி அவிழ்ந்தது, ஒரு செருப்பு எங்கோ பறந்தது. ஓடிப்போய் ஜீப்பின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துடா அடிமைப் பயலே! என் மருமகளை உன் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் ஊர்ல எந்த மூஞ்சியோட நடக்கிறது?"

சார்ஜெண்ட் இன்ஜினை அணைத்தார். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். "யாரை? சரியாக் கேக்கல."

"என் மருமகளைன்னு சொன்னேன்டா, செவிட்டுப் பயலே!"

தேவாலய வாசலே கைதட்டியது. பெலிசித்தே அழுதுகொண்டே சிரித்தபடி ஜீப்பிலிருந்து குதித்தாள்.

"அப்பா, வாலைப் பிடிங்க. இன்னொருத்தன் ஆட்சியப் பிடிக்கிறதுக்குள்ள உள்ள போயிடலாம்."