நல்ல காலில் கட்டு

தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் மடுல்சீமை பஸ்ஸில், காக்கிக் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் நொண்டியபடி ஏறினார். வலது காலில் பெரிய கட்டு. அதைப் பார்த்ததும், “இங்க உக்காருங்க கங்காணி” என்று ஒரு பெண் எழுந்து என் பக்கத்து இடத்தைக் கொடுத்தாள். ஆனால், யாருடைய சேலையோ இடது கால் பெருவிரலில் உரசியபோதுதான் அவர் பல்லைக் கடித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “வலி எந்தக் கால்லங்க?” என்றேன்.

“இடதுலதாங்க. கவுட் வருத்தம். துணி பட்டாலே உயிர் போகும். கட்டு இல்லாம நொண்டுனா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் குடிச்சிட்டு வாறான்னு சிரிக்கிறாங்க. அதான் நல்ல கால்ல கட்டியிருக்கேன்.”

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தருகே பஸ் நின்றது. எல்லோரும் பார்த்திருக்க, கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்து, முழுப் பாரத்தையும் இடது காலில் ஊன்றி இறங்கினார்.