கையாந்தகரைக் கட்டு

பழைய பத்திரிகைத் தாளில் இலைகளை ஒன்றோடொன்று முட்டாமல் அபூசாலியின் விரல்கள் பரப்பின. வெயில் படக்கூடாது, நிழலும் காற்றும் போதும். கறுத்துப்போன ஓர் இலையை முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

சாய்ந்தமருதில் நாட்டு மருந்துக் கடைகளுக்கு மூலிகை பறித்துக் கொடுப்பது அவர் தொழில். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரே செடியைப் பூக்கும்போதும் காய்க்கும்போதும் போய்ப் பார்த்துத் தானே படித்தது. பறித்த இடத்தையும் நேரத்தையும் கொப்பியில் பென்சிலால் எழுதிவைப்பார். பேனை மை ஈரத்தில் ஊறிவிடுமாம்.

போன வருடம் அவர் கொடுத்த கையாந்தகரை என்னும் கரிசலாங்கண்ணி இலையின் சாறு, ஆய்வுகூடத்துத் தட்டில் மார்பகப் புற்றுநோய் உயிர்க்கலங்களை வளரவிடாமல் நிறுத்தியது. பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வைச் செய்யும் ஹிமாயா, "அதே இடத்து இலைதான் வேணும் மாமா. இன்னொருக்கா சரிவந்தா என்ட ஆய்வு முடிஞ்ச மாதிரி" என்று கேட்டிருந்தாள்.

செய்தி தெருவுக்கும் வந்துவிட்டது. அவரைக் காக்கா என்று அண்ணன் முறையில் அழைக்கும் அடுத்த வீட்டுக் கமீலா, மார்பில் கட்டி கண்ட தங்கைக்கு ஒரு பிடி இலை கேட்டாள்.

"தரமாட்டன் புள்ள. தட்டில உள்ள கலத்துக்கு ஈரலுமில்ல, குடலுமில்ல. தங்கச்சிக்கு எல்லாம் இரிக்கி. கிளினிக்க விடாமப் போகச் சொல்லுங்க."

"அப்ப இது மருந்தில்லையா காக்கா?"

"அதத்தான் தேடுறாங்க. எனக்கும் தெரியா."

ஹிமாயாவுக்கான இலையை வரிப்பத்தான்சேனை வயல் வரம்பில்தான் பறித்தார். வயல்காரர் மீராமுகைதீன் சிரித்தார். "போன வருசம் நான் பூச்சிக்கு எண்ணெய் அடிச்ச மறுநாள் வந்தீங்க. இந்தமுறை அடிக்க முந்தியே வந்துட்டீங்க. இந்தப் புல்லுக்கு ஊரிலயே நீங்க ஒராள்தான் கிராக்கி."

அபூசாலியின் கை நின்றது. கொப்பியைப் புரட்டினார். இடம் இருந்தது, மணி இருந்தது. எண்ணெய் அடித்ததா என்று கேட்ட குறிப்பு இல்லை. அப்படியானால் கலங்களை நிறுத்தியது இலையா, அதில் படிந்த பூச்சி எண்ணெயின் நஞ்சா?

ஐந்தாம் நாள் ஹிமாயா வந்தாள். "அதே இடந்தானே மாமா?"

"ஓம் மகள். இது எண்ணெய் படாத இலை. போன வருசத்து இலை அப்பிடியில்ல. நான் கேக்காம விட்ட பிழை. மேல எழுதிக் கட்டியிரிக்கன், வாசிங்க."

நூலால் கட்டிய இலைக்கட்டை நீட்டினார். அவள் பிடித்த பிறகும் அவர் கை விடவில்லை. பென்சில் எழுத்தின் கடைசி வரிக்கு அவள் கண் வந்துசேரும் வரை, விரல்கள் அந்த நூல் முடிச்சிலேயே இருந்தன.