டான்டலஸ் கதை கேட்ட அப்பாவு

எங்கள் தெருவில் முதல் பி.ஏ. நான்தான். 1974-இல் பட்டம் வாங்கிவிட்டு பாங்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஓயாத சத்தம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போய், வாட்ச்மேன் அப்பாவுவின் குடிசை நிழலில் உட்காருவேன்.

அப்பாவு தனி ஆள். நாலு வருஷத்துக்கு முன், அங்கேயே வேலை பார்த்த மச்சான்காரன் அளத்திலிருந்து இரண்டு மூட்டை உப்பைக் கடத்தியதை, மனைவி விருத்தாம்பாள் அவரை நம்பி வீட்டுக்குள் வைத்துச் சொன்னாள். விடிந்ததும் அவர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். மச்சானுக்கு வேலை போயிற்று. அந்த அண்ணன் குடும்பத்தோடு பெருமுக்கல் கிராமத்துக்குப் போன விருத்தாம்பாள் திரும்பி வரவேயில்லை.

பேச ஆள் கிடைத்ததில் அப்பாவுவுக்கு என் பாடத்திலும் ருசி வந்தது. இங்கிலீஷ் வார்த்தைகள் பலவற்றுக்குள் கிரேக்கச் சாமிகள் ஒளிந்திருப்பதை நான் கொஞ்சம் பெருமையாகவே விளக்குவேன். 'பேனிக்' என்றால் திகில்; ஆட்டுக்கால் கொண்ட பான் என்ற சாமி காட்டில் ஆட்களை மிரட்டியதால் வந்த வார்த்தை.

"ஆட்டுக்காலா? நம்ம ஊரா இருந்தா சூப்பு வச்சிருப்பானுங்க."

ஒருநாள் 'டான்டலைஸ்' வந்தது. ஆசை காட்டி ஏங்கவிடுவது. டான்டலஸ் என்ற ராஜா, சாமிகள் கொடுத்த தண்டனையாக, தாகத்தோடு கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் இறங்கிவிடும்.

"அவன் இன்னா தப்பு பண்ணான்?"

"பலவிதமா சொல்றாங்க. சாமிங்க அவனை நம்பிப் பேசின ரகசியத்த வெளிய சொல்லிட்டான்னு ஒரு கதை."

"எத்தினி வருஷம் நிக்கணும்?"

"கணக்கே இல்லண்ணே."

எழுந்து வரப்போடு ஒரு சுற்று போய் வந்தார். பிறகு, "நாளைக்குப் பெருமுக்கல் வரைக்கும் வர்றியா? படிச்ச புள்ள கூட இருந்தா மச்சான் கை நீட்ட மாட்டான்" என்றார்.

போனோம். மச்சான் கழனிக்குப் போயிருந்தான். விருத்தாம்பாள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள். பேசியதெல்லாம் என்னிடம்தான்.

"இப்படி எளச்சிட்டாரே, ஆக்கித் திங்கிறாரா இல்லியா?"

அவரும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "வூடு பூட்டியே கெடக்குதுன்னு சொல்லு தம்பி. நான் அளத்துலயே படுத்துக்கறேன்."

"அதுக்கு நான் இன்னா பண்றதாம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாவுது தம்பி." முன்னால் நடந்துவிட்டார்.

நான் செருப்பை மாட்டும்போது அவள் வாசலுக்கு வந்தாள். "வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கெளம்பியிருப்பேன். நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாத. அவருக்கா தோணணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பாவு, "பாத்தியா, புடி குடுக்கவே இல்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நம்பிச் சொன்னதைக் காப்பதுதான் படித்தவனுக்கு அழகு என்று நினைத்தேன்.

இப்போது 1979. திண்டிவனத்தில் எனக்கு பாங்கு வேலை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அளத்துப் பக்கம் போகிறேன். குடிசையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். எனக்கு டீ ஊற்ற அப்பாவு கடைவரை நடந்து இன்னொரு டம்ளர் இரவல் வாங்கி வருகிறார். குடித்துவிட்டு, அவள் வாசலில் சொன்னதைச் சொல்லாமலே வந்துவிடுகிறேன்.