ஹெக்டரின் விடியற்காலைத் தண்ணீர்

தன்னாமுனையில் ஹெக்டர் அண்ணனை நித்திரையில் பிடித்த சூரியன் இன்னும் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். வெளிச்சம் வரமுன் எழும்பாதவன் குடிகாரன், நடுப்பகல் வெயிலில் வாவிக்குள் நிற்பவன் விசரன் என்பது அவருடைய கட்சி. எங்கள் ஊரில் அநேகமாக எல்லோரும் அந்தக் கட்சிதான். இருட்டோடு தோணி இறக்கி, வெயில் ஏறமுன் கரைக்கு வந்து, சோறு தின்று படுத்துவிடுவோம். மத்தியானத்தில் வாவி என்ன நிறத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படி ஒரு உத்தமர் இருக்கும்போது, தண்ணீர் பார்க்கும் பொறுப்பை மீன்கூட்டுச் சங்கம் வேறு யாரிடம் கொடுக்கும்? வாவிக்குள் வலைக்கூடு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கிறவர்களின் சங்கம் அது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி செய்யும் சர்மிலா வெறும் போத்தல்களைத் தந்துவிட்டுப் போவாள், ஹெக்டர் நிரப்பி வைப்பார். தண்ணீர் பழுது என்று அவர் சொன்னால் மீனை முன்கூட்டியே பிடிக்கலாம். நல்லது என்றால், நல்ல விலை கிடைக்கும் மாதா கோயில் திருநாள் வரை யாரும் கூட்டில் கைவைக்கக்கூடாது. சங்கத்தின் தீர்மானம் அப்படி.

கூடுகளில் ஒன்று அவருடைய மனைவி பீற்றிஸ் அக்காவுடையது. கிழிந்த வலையைப் பொத்துவது, சூடை மீனை வெட்டித் தீனி போடுவது, கூட்டில் படரும் பாசியைச் சுரண்டுவது எல்லாம் அக்கா. ஹெக்டர் மேற்பார்வை. அதற்கும் ஒரு ஆள் வேண்டும்தானே.

மழை விட்டு, வயல் வட்டைகளில் போட்ட உரமெல்லாம் வாவிக்குள் கழுவிக்கொண்டு வந்த சமயம், சர்மிலா முகம் சுருங்கி வந்தாள்.

"அங்கிள், இந்தத் தண்ணியில ஒரு தூசி கூட இல்ல. வாவித் தண்ணிதானா?"

"வேற என்ன? வெள்ளன போய் மேலால அள்ளினன். மறுகா அன்ரிட வெள்ளைச் சீலையால ரெண்டு தரம் வடிச்சன். படிச்ச புள்ளைக்கு ஊத்தைத் தண்ணியா குடுக்கிற?"

வீட்டுக்கு வந்தவருக்குக் குடிக்கக் கொடுப்பதும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான். சர்மிலா, பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"அது கண்ணுக்குத் தெரியாத நச்சுப்பாசி அங்கிள், பெருகினா தண்ணி சிவந்து மீன் சாகும். அதுக்கு வெயிலும் வேணும், உரமும் வேணும். வெயில் மேல, உரம் அடியில. அதால பகல்ல மேல வந்து வெயில் காயும், பொழுதுபட நீந்திக் கீழ போய் உரத்தைத் தின்னும். நீங்க போற நேரம் அது அடியில கிடக்கு. மத்தியானமெண்டா மேலால அள்ளுங்க, விடியவெண்டா அடியால அள்ளுங்க. வடிக்க வேணாம்."

"பாசி நீந்துமாம்!" என்றார் ஹெக்டர். அடித்தண்ணீர் சேறு, அதைக் கொடுத்தால் சங்கத்துக்கு மரியாதை இல்லை. மத்தியானம் போனால் அவருக்கே மரியாதை இல்லை. ஆகவே பாசிதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சர்மிலா தானே மத்தியானம் போய் அள்ளுவதாகத் தோணி கேட்டாள். ஊரே நித்திரை, யார் கொண்டுபோவது?

பீற்றிஸ் அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"இஞ்சாருங்க, அந்தப் புள்ள சொல்றது சரியா இருந்தா? என்ட மீனை இப்பவே பிடிச்சிருவம்."

"தண்ணி பார்க்கிறவன்ட பொஞ்சாதி முதல்ல மீனைத் தூக்கினா சங்கம் என்ன சொல்லும்? திருநாள் வரைக்கும் பொறு."

அக்கா பொறுத்தார். எனக்கு அந்த மனிசனைப் பிடித்து வாவிக்குள் தள்ளினால் என்ன என்றிருந்தது. நானும் சங்கத்தில் அங்கத்தவன் என்பதால் தள்ளவில்லை, தீர்மானத்தில் அதற்கு இடமில்லை.

திருநாளுக்குக் கொடியேறிய மறுநாள் நல்ல வெயில். பின்னேரத் தேத்தண்ணிக்கு எழும்பியவர்கள் கரைக்கு வந்து பார்த்தால், கூடுகளைச் சுற்றி வாவி செம்மண் கரைத்துவிட்டது போல் கிடந்தது. கொடுவாக்கள் வாயைப் பிளந்து மிதந்தன. பீற்றிஸ் அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒன்றாவது துடிக்காதா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் துடிக்கவில்லை.

ஹெக்டரும் ஆடித்தான் போனார். ஆடிப்போன மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த நாள் விடியமுன் எழும்பித் தோணியில் போய் ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு வந்தார். இந்தமுறை வடிக்கவில்லை, அவ்வளவு முன்னேற்றம். மீன் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் அதை நீட்டினார்.

"பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. தண்ணியில பிழை இல்ல. நான் பொய் சொல்லல்ல."

அக்கா மண்வெட்டியை வைத்துவிட்டுப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓம், பொய் இல்ல. நீங்க விடிய வெள்ளாப்பில போய் வெள்ளாப்பிலயே வந்திட்டீங்க. என்ட மீன் பகல் முழுக்க அங்கதானே கிடந்தது."

ஹெக்டர் மண்வெட்டியை எடுத்துக் குழியை வெட்டத் தொடங்கினார்.