திருமுக்கூடல் பஸ்ஸில் முடிந்த படங்கள்

சென்ற மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு புதுப்படம் பார்க்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அந்த நடிகருக்கு எங்கள் தெருவிலேயே மன்றம் இருக்கிறது, நான் பால் வாங்க அந்த வழியாகத்தான் போகவேண்டும். இரண்டரை மணி நேரமும் இருட்டு, ரத்தம், காதுக்குள் இடி. படம் எடுத்தவர்கள் விளக்குப் போட மறந்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வில்லனின் கிடங்குக்குள் கதாநாயகன் நுழைந்தான். இனி முடிவுதான் என்று தெரிந்த அந்த நிமிடத்தில் நான் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"அங்கிள், மறைக்குது. உக்காருங்க" என்றாள் பின்வரிசைப் பெண்.

உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கால்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? அவற்றுக்குச் சின்ன வயதில் பழக்கிவிட்டது அப்படி.

உத்திரமேரூர் தியேட்டரில் மதியக் காட்சி இத்தனை மணிக்கு என்று சுவரொட்டியில் போட்டிருக்கும். அந்த நேரத்துக்கு ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. பெண்கள் பக்கம் நிறைந்தால்தான் ஆரம்பிப்பார்கள். அன்றைய படங்களும் நீளம். ஒரு குடும்பம் பிரியவே ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் ஊர் வழியாகத் திருமுக்கூடல் போகும் சாயங்கால பஸ்ஸோ யாருக்காகவும் நிற்காது. அதை விட்டால் மறுநாள் காலைதான். ஆகவே தியேட்டரில் ஒரு ஏற்பாடு இருந்தது. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்ததும், டிக்கெட் கிழிப்பவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். திரையில் யார் அழுதுகொண்டிருந்தாலும் சரி, எங்கள் மேல் டார்ச் அடித்துக் கூவுவார்.

"திருமுக்கூடல் பஸ்ஸு! எய்ந்திரு, எய்ந்திரு! அப்பறம் என்னாண்ட வந்து அயக்கூடாது!"

அரங்கில் பாதி எழுந்துவிடும். முகம் திரையைப் பார்த்தபடி இருக்க, கால்கள் வாசலுக்கு நடக்கும். "தலைய குனிஞ்சிக்கினு போங்கய்யா" என்று உள்ளூர்க்காரர்கள் திட்டுவார்கள். அவர்கள் நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள், முடிவு அவர்களுக்குத்தான். பள்ளிக்காலம் முழுக்க நான் படம் பார்த்தது இப்படி. ஒரு படத்துக்கும் கடைசிக் காட்சி பார்த்ததில்லை.

அதனால் க்ளைமாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் வருவது டீசல் வாசனை, அதன் மேல் வாடிய கதம்பத்தின் வாசனை. எங்களுக்குப் படம் பஸ்ஸுக்குள்தான் முடிந்தது. கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே ஆரம்பித்து வைப்பார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எல்லோருக்கும் அவர் அண்ணா.

"இன்னாம்மா, இன்னிக்கி ஹீரோ செத்தானா, பொயச்சானா?"

"பாக்க வுட்டாத்தானே? ஹாரன் அட்சிக்கினே கீறீங்க" என்பாள் என் அக்கா சரோஜா.

"அது டிரைவரு. அவரு சம்சாரம் வூட்ல காத்துக்கினு கீது. நீ கதய சொல்லு."

அக்கா சொல்வாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துவிட்டு வந்தவள் போலவே சொல்வாள். யாராவது மறுப்பார்கள், சண்டை வரும், கண்டக்டர் பஞ்சாயத்துப் பண்ணுவார். சாலவாக்கம் தாண்டுவதற்குள் ஒரு முடிவு ஏற்பட்டுவிடும். அதுதான் அந்தப் படத்தின் முடிவு. உள்ளூர்க்காரர்களிடம் போய் "கடைசியில் என்ன ஆச்சு" என்று கேட்பதில்லை என்பது எங்களுக்கெல்லாம் ஒரு ரோஷம். கேட்டால் சிரிப்பார்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி போடாத தாளை நம்பாமலே காலத்தை ஓட்டியவன். ஓய்வுக்குப் பிறகு, அரைகுறையாகக் கிடக்கும் இந்தக் கணக்கையும் நேர் செய்துவிடலாம் என்று தோன்றியது. பழைய படங்களெல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடி, கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

எதற்குப் பார்த்தேன் என்று ஆகிவிட்டது. கயிற்றில் கட்டிப் போட்ட அம்மா, பெட்ரோல் பீப்பாய், எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் போலீஸ். ஒரு படத்தில் கொலையைச் செய்தது யார் என்று பல வருடம் யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் அதுவரை வராத ஒருவர் வந்து, நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டுச் செத்துப் போகிறார். இன்னொன்றில் வழக்கமாக இருமும் தங்கை, இருமிக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் ஒரு மருந்தும் கொடுக்காமலே குணமாகிவிடுகிறாள். எங்கள் பஸ்ஸில் இதைவிட நன்றாக முடித்தோம். இப்போதைய படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முடிவு வரும் நேரத்தில் "மீதி இரண்டாம் பாகத்தில்" என்று எழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்காக எழுந்தோம். இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

இப்படித் தேடிக்கொண்டு போனதில் ஒருநாள் அந்தப் படமும் கிடைத்தது.

அதைப் பார்க்க அன்று நைனாவும் வந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சாதாரணமாகச் சினிமாவுக்கு வராதவர், நெல் விற்ற சந்தோஷத்தில் வந்தார். படத்தில் புருஷன் அடிக்கிறான், மாமியார் தூண்டிவிடுகிறாள், அந்தப் பெண் பொறுத்துக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்துவிடுகிறாள். தூரத்தில் ரயில் தெரிகிறது. எங்கள் மேல் டார்ச் விழுந்தது.

"ஏறிட்டா" என்று பஸ்ஸில் அக்கா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

"எங்கம்மா போவா? பொம்பள தனியா?" என்றார் கண்டக்டர்.

"எங்கனா போவா. கையி காலு கீதில்ல?"

அன்று யாரும் சண்டைக்கு வரவில்லை. "ஏறியிருப்பா, ஏறியிருப்பா" என்று நைனாவும் தலையாட்டினார்.

அடுத்த வருடம் அக்காவை ராஜகுளத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கை நீட்டுகிறவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாசமாக இருந்தவள், ஒருநாள் மத்தியானம், ஒரு பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். நைனா நாலு நாள் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பும்மா, நானே வந்து பேசி வுட்டுட்டு வரேன். ஊரு இன்னா பேசும்?" என்றார்.

அக்கா அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. "அன்னிக்கி அந்தப் பொம்பள திரும்பிப் போனாளா நைனா? நீயும்தானே பாத்த?"

நைனா உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அக்கா சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளையை வளர்த்து, ஏனாத்தூர்க் கல்லூரியில் படிக்க வைத்து, இப்போது என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.

கைபேசியில் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தை நான் தனியாகப் பார்த்தேன். ரயில் வந்து நிற்கிறது. புருஷன் ஓடி வருகிறான். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுகிறாள். மாமியார் ஆரத்தி எடுக்கிறாள். திரையில் வணக்கம் போட்டுவிடுகிறார்கள்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினேன். அவள் வாழ்க்கையின் முக்கியமான ஒரு பேச்சு இந்தப் படத்தை நம்பிப் பேசியது. அது இல்லை என்று இந்த வயதில் போய்ச் சொல்வதா? நான் தேடுவது அவளுக்குத் தெரியும். வாசல் பெருக்கும்போதெல்லாம் கேட்டாள்.

"கெட்ச்சிதாடா?"

"இல்லக்கா. அதெல்லாம் அழிஞ்சி போச்சாம்."

"பொய் சொல்ற. பொய் சொன்னா ஒனக்கு மூக்கு அரிக்கும். சொறிஞ்சிக்கினு நிக்கிற பாரு."

வேறு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டிவியில் போட்டேன். முழுப்படமும் வேண்டும் என்றாள். பாட்டுகளை ஓட்டிவிட விடவில்லை. "எவ்ளோ நேரம்தான் அயுவா இவ" என்று நடுவில் ஒருமுறை அலுத்துக்கொண்டாள். ரயிலடி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரத்தி வரைக்கும் இமைக்காமல் பார்த்தாள்.

"இன்னாடா இவ? ரயிலு வந்து நின்னுக்கினு கீது. ஏறாம கால்ல வுயுறா" என்றாள்.

"அந்தக் காலத்துப் படம்க்கா. அப்படித்தான் முடிப்பாங்க."

"அன்னிக்கி அங்கியே குந்திக்கினு இத்த பாத்திருந்தா இன்னாடா ஆயிருக்கும்?"

நான் டிவியை நிறுத்தினேன். அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"நல்ல வேள, பஸ்ஸு கரெக்டா வந்திட்ச்சி" என்று சொல்லிவிட்டு, கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்கப் போனாள்.

தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். திறப்பு விழாக் கல்லில் நாளும் நட்சத்திரமும்கூடப் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாயங்கால பஸ் எந்த நாளோடு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பணிமனையில் கேட்டேன், பஸ் நிலையத்துக் கடைகளில் கேட்டேன். ஒருநாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அதற்குள் ஷேர் ஆட்டோ ஓட ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். நைனா போய்விட்டார். கண்டக்டரும் போய்விட்டதாகக் கேள்வி. அன்று அந்த பஸ்ஸில் வந்தவர்களில், அந்தப் பெண் ரயில் ஏறிவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தது நானும் அக்காவும்தான். இப்போது அப்படி நம்புகிறவர்கள் யாருமில்லை.