மொட்டை மாடியில் தொங்கிய முதல் ஆல்பம்

திருநின்றவூரில் என் அறையில் தங்கியிருந்த சேகர் ஒரு ராக் பேண்டில் பாடினான். அவர்களுடைய முதல் ஆல்பம் விற்கவே இல்லை. இரண்டாவதில் பேர் வந்ததும் அறையைக் காலி செய்தான். முதல் ஆல்பத்தில் விற்காமல் மிஞ்சிய சிடிகளை, "பத்திரமா வெச்சுக்கோ மச்சான்" என்று கொடுத்தான். புறா விரட்ட அவற்றை மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்டேன்.

போன மாதம் அவன் காய்ச்சலில் இறந்தான். மறுவாரம் ஆவடியிலிருந்து இரண்டு ரசிகர்கள் தேடி வந்தார்கள்.

"அண்ணாத்தே, அந்த மொத ஆல்பம் ஒண்ணாச்சும் கீதா? பின்னாடி பாடுனதெல்லாம் ஊருக்கு. அதுலதான் அவரு அவரா கீறாரு. எங்க சிடி கீறல் வுழுந்து பூடுச்சு."

மாடிக்குக் கூட்டிப்போனேன். வெயிலில் வெளுத்துப்போய் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒருவன் ஒரு சிடியை அவிழ்த்துச் சட்டையில் துடைத்தான்.

"புறாவாச்சும் கேட்டுச்சா, அண்ணாத்தே?"

பிறகு அதன் முதல் பாட்டை மெதுவாகப் பாடினான். மற்றவனும் சேர்ந்துகொண்டான்.

இரண்டு வருஷம் சேகர் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான். அந்தப் பாட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.